ஈ.டி.யு.வில் மார்பு எக்ஸ்ரே: வீட்டார் தெரிந்திருக்க வேண்டியவை

நெஞ்சுவலி என்று ஒருவரை ஈ.டி.யு. என்ற அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனால் முதலில் எடுக்கப்பட வேண்டியது ஈ.சி.ஜி. எக்ஸ்ரே அதற்குப் பிறகுதான். இதை முதல் வரியிலேயே சொல்லிவைக்கக் காரணம் இருக்கிறது. நமது அம்பாறைக் கரையோர ஊர்களில் நோயாளியின் ட்ரொலி உள்ளே போவதற்கு முன்பே, "ஒரு படமாவது எடுத்துப் பாருங்களேன் டொக்டர்" என்ற குரல் உள்ளே போய்விடும். மாரடைப்பில் அடைபட்ட குருதிக்குழாய் எக்ஸ்ரேயில் தெரியாது. நெஞ்சுவலியோடு வந்தவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது உலகெங்கும் ஒப்புக்கொண்ட முறை. அந்தப் பத்து நிமிடத்தில் படத்துக்காக அடம்பிடிப்பவர், தெரியாமலே நோயாளியின் நேரத்தைத் தின்கிறார்.

அப்படியானால் எக்ஸ்ரே எதற்கு? டொக்டருக்கு ஒரு சந்தேகம் வந்த பிறகு அதைத் தீர்த்துக்கொள்ள. நுரையீரலைச் சுற்றிக் காற்றுப் புகுந்துவிட்டதா, நீர் கட்டியிருக்கிறதா, காய்ச்சலும் இருமலும் நிமோனியாவாகிவிட்டதா, இதயம் களைத்து நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதா, பிள்ளை விழுங்கியது எங்கே நிற்கிறது. படம் எடுக்க அனுப்பும் துண்டில் டொக்டர் எழுதுவது இப்படியொரு கேள்விதான். கேள்வி மங்கலாக இருந்தால் பதிலும் மங்கலாகத்தான் வரும்.

அந்தக் கேள்வியை உருவாக்குவதில் பாதிப்பங்கு வீட்டாருடையது. "உம்மாவுக்கு எப்ப இருந்து மூச்சு எடுக்கேலாம இரிக்கி?" என்று டொக்டர் கேட்டால், "கொஞ்ச நாளா" என்று சொல்லாதீர்கள். "நேத்து இஷா தொழுதிட்டுப் படுக்கக்குள்ள நல்லா இருந்தாங்க, சுபஹுக்கு முந்தி எழும்பி இருந்திட்டாங்க, படுக்கேலாது எண்டாங்க" என்று சொன்னால் அதில் பாதி நோய் வெளிவந்துவிடும். படுத்தால் மூச்சு முட்டி எழும்பி உட்காருவது இதயம் களைத்ததற்கான முக்கிய அறிகுறி. படத்தில் டொக்டர் எதைத் தேட வேண்டும் என்பது அந்த ஒரு வசனத்திலேயே முடிவாகிவிடுகிறது.

எங்கே கொண்டுபோவது

கல்முனை நகரிலேயே அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, கல்முனை வடக்கு வைத்தியசாலை என இரண்டு ஆதார வைத்தியசாலைகள். சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் ஆகிய ஊர்களிலும் ஆதார வைத்தியசாலைகள் உண்டு. "அங்க மெஷின் பெரிசு" என்று பக்கத்து ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போகும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மூச்சுத் திணறுகிற ஒருவருக்கு முதல் தேவை ஒட்சிசன். படம் அதற்கு அடுத்தது. கிட்டிய ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் கொடுத்து நிலைப்படுத்திய பிறகு, தேவையென்றால் அவர்களே மேலிடத்துக்கு அனுப்புவார்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வழியிலேயே ஒட்சிசன் கிடைக்கும். முச்சக்கரவண்டியின் பின் இருக்கையில் இரண்டு பேர் நடுவே நெருக்கிப்பிடித்துக் கொண்டுபோனால் அது கிடைக்காது.

படத்துக்குக் காத்திருக்கக் கூடாத ஒரு நோயும் உண்டு. விபத்திலோ திடீரென்றோ நுரையீரலில் ஓட்டை விழுந்து, வெளியேற வழியில்லாத காற்று நெஞ்சறைக்குள் சேர்ந்துகொண்டே போய் இதயத்தை அமுக்கும் நிலை அது. மூச்சு வாங்கி, குருதி அமுக்கம் விழுந்து, ஒரு பக்க நெஞ்சில் மூச்சுச் சத்தமே இல்லாமல் போனால், டொக்டர் உடனே ஊசியைக் குத்திக் காற்றை வெளியே விடுவார். "படம் எடுக்காம எப்படி குத்துவீங்க?" என்று அந்த இடத்தில் வாதாட வேண்டாம். இந்த நிலையைக் காட்டும் எக்ஸ்ரே எடுக்கப்பட்டிருந்தால், எடுத்திருக்கக் கூடாத படம் அது என்று மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கிறார்கள்.

நின்றா, இருந்தா, படுத்தா

எக்ஸ்ரே ஒரு நிழல்தான். காற்று நிறைந்த நுரையீரல் கறுப்பு, நீரும் தசையும் சாம்பல், எலும்பு வெள்ளை, உலோகம் எல்லாவற்றிலும் வெள்ளை. நிழல் என்பதால் அது எந்தக் கோணத்தில், எவ்வளவு தூரத்தில் விழுந்தது என்பது முக்கியமாகிறது. மின்சாரம் நின்ற இரவில் டோர்ச் வெளிச்சத்துக்கு முன்னால் கையைக் காட்டிப் பாருங்கள். சுவருக்குக் கிட்டக் கை இருந்தால் நிழல் கையளவு, டோர்ச்சுக்குக் கிட்டக் கொண்டுவந்தால் பூதமளவு.

மார்புப் படத்திலும் இதுதான் நடக்கிறது. நல்ல படம் நிற்கவைத்து எடுக்கப்படுவது. நெஞ்சு பிலிம் பலகையோடு ஒட்டியிருக்கும். கதிர் முதுகுப் பக்கமிருந்து சுமார் 180 சென்ரிமீற்றர் தூரத்திலிருந்து வரும். இதயம் நெஞ்சின் முன்பக்கம் இருப்பதால் அதன் நிழல் பெரிதாகாமல் உண்மை அளவோடு விழும். அப்படி எடுத்த படத்தில் இதயத்தின் அகலம் நெஞ்சறை அகலத்தில் பாதிக்கு மேல் போனால்தான் வளர்ந்தவரின் "இதயம் பெருத்திருக்கிறது" என்று சொல்லலாம். எழும்ப முடியாதவருக்குக் கட்டிலில் வைத்தே நடமாடும் இயந்திரத்தால் முன்பக்கமிருந்து படம் எடுப்பார்கள். தூரம் குறைவு, இதயம் பிலிமிலிருந்து தள்ளி நிற்கிறது. நிழல் ஊதித் தெரியும். வாப்பாவின் கட்டில் படத்தைப் பார்த்து "ஹார்ட் வீங்கிப்போச்சாம்" என்று வீட்டுக்குள் செய்தி பரப்புவதற்கு முன், படம் நின்று எடுத்ததா படுத்து எடுத்ததா என்று கேளுங்கள்.

படுத்த படத்துக்கு இன்னொரு குறையும் இருக்கிறது. நெஞ்சில் கட்டிய நீர் நிற்கும்போது அடியில் தங்கி நுரையீரலின் கூரிய மூலையை மழுங்கடித்துக் காட்டும். அதற்கும் ஏறத்தாழ 200 மில்லிலீற்றராவது சேர வேண்டும். படுத்தால் அதே நீர் முதுகுப் பக்கம் பரவிவிடும். படத்தில் ஒரு மெல்லிய மங்கல் மட்டும் மிஞ்சும். காற்றும் அப்படியே, படுத்தவருக்கு முன்பக்கம் ஏறி ஒளிந்துகொள்ளும். ஆகவே நோயாளிக்கு உட்கார முடியுமானால் உட்கார்ந்தாவது படத்தை எடுப்பது பிரயோசனம். "அவருக்கு இருக்க ஏலும், நாங்க பிடிச்சிக்கிறோம்" என்று நீங்கள் சொல்லலாம். முள்ளந்தண்டில் அடிபட்ட சந்தேகம் இருப்பவரை மட்டும் அசைக்காதீர்கள்.

எக்ஸ்ரே அறைக்குள் ரேடியோகிராபர் சொல்வதைக் கேட்டால் அதிகாரம் போலத் தோன்றும். "நாடிய மேல வைங்க. ரெண்டு கையையும் இடுப்புல வெச்சி முழங்கைய முன்னுக்குத் தள்ளுங்க. மூச்ச நல்லா இழுங்க, புடிங்க, அசையாதீங்க." ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. முழங்கை முன்னுக்குப் போனால் தோள்பட்டை எலும்புகள் நுரையீரலின் மேலிருந்து விலகிவிடும். மூச்சு நிறைந்தால் நுரையீரல் விரிந்து, முன்பக்க விலாவெலும்புகளில் ஐந்தாறு தெரியுமளவு இடம் திறக்கும். அரை மூச்சில் எடுத்த படத்தில் நல்ல நுரையீரலும் அழுக்குப் பிடித்தது போல அடிப்பக்கம் வெளுத்து நிற்கும், இதயமும் பெருத்துத் தெரியும். மூத்தம்மாவுக்குக் காது கேட்காது என்றால் உள்ளே போகும் முன் ரேடியோகிராபரிடம் சொல்லுங்கள். "மூச்சைப் பிடிங்க" என்பதை வீட்டிலிருந்து புறப்படும்போதே ஒரு தடவை பழக்கிவிட்டால் இன்னும் நல்லது.

அபாயா, தாயத்து, ஊசி

உடுப்பு விடயத்தில் நம் ஊர்களுக்கென்றே சில கவனங்கள் இருக்கின்றன. அபாயாவின் கல்லும் மணியும், மார்பக உடுப்பின் கொக்கி, தங்கச் சங்கிலி, கழுத்திலோ புயத்திலோ கட்டிய தாயத்தின் வெள்ளிக்கூடு, ஈ.சி.ஜி. எடுத்து முடித்தும் கழற்றாத ஒட்டுப்பட்டையின் பொத்தான், எல்லாம் படத்தில் வெள்ளைப் புள்ளிகளாக விழும். தடித்த பின்னல் தோளில் கிடந்தால் நுரையீரலின் உச்சியில் ஒரு மங்கல் தெரியும். காசநோய் பெரும்பாலும் இடம்பிடிப்பதும் அந்த உச்சியில்தான். தலைமுடியை மேலே தூக்கிக் கட்டிவிட்டாலே வீண் சந்தேகம் ஒன்று குறைந்துவிடும்.

மறைப்பைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை. உலோகமோ மணியோ இல்லாத மெல்லிய பருத்தி உடுப்பு கதிரை மறிக்காது. ஆஸ்பத்திரிக் கவுனும் அப்படித்தான். தலைமறைப்பை ஊசியில்லாமல் கழுத்துக்கு மேலே சுற்றிக்கொள்ளலாம். உடை மாற்ற மறைவிடம் கேட்பதும், பெண் ஊழியர் ஒருவர் கூட இருக்கும்படி கேட்பதும் நியாயமான கோரிக்கைகள். கதிர் பாய்வது ஒரு நொடியிலும் குறைவான நேரம். ரேடியோகிராபரோ கண்ணாடிக்கு அப்பால் நிற்கிறார். தாயத்தைக் கழற்ற மனம் ஒப்பாத மூத்தவர்களிடம், அறைக்கு வெளியே மகளின் கையில் கொடுத்து வைத்து உடனே திரும்பக் கட்டலாம் என்று சொன்னால் சம்மதிப்பார்கள்.

ஊசியைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டும். மப்டா என்ற தலைமறைப்பைச் சுற்றும்போது குண்டூசியை உதட்டில் கவ்விக்கொள்ளும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் பரவலாக இருக்கிறது. பாடசாலைக்கு அவசரமாக வெளிக்கிடும் நேரம், பக்கத்தில் நிற்கும் தங்கச்சி ஒரு பகிடி விட, சிரித்து மூச்சிழுத்தால் ஊசி உள்ளே போய்விடும். துருக்கி, எகிப்து போன்ற நாடுகளின் மருத்துவ ஏடுகளில் இது நன்கு அறியப்பட்ட அவசரநிலை. அகப்படுவோரில் அதிகமானோர் பதின்ம வயதுப் பெண்பிள்ளைகள். ஊசி போன கணத்தில் கடும் இருமல் வரும். பிறகு அடங்கிவிடும். அடங்கியதும் "அது வயித்துக்குப் போயிருக்கும், வாழப்பழம் சாப்பிடு" என்று வீட்டில் முடிவுகட்டிவிடுவார்கள். வயிற்றுக்குப் போன ஊசி பெரும்பாலும் தானாக வெளியேறும் என்பது சரிதான். மூச்சுக்குழாய்க்குள் இறங்கியது அப்படி வெளியேறாது. அங்கேயே நின்று நுரையீரலைப் புண்ணாக்கும்.

எக்ஸ்ரே முழு மதிப்போடு வேலை செய்யும் இடம் இது. உலோகம் பளிச்சென்று தெரியும். ஊசி எந்தப் பக்க மூச்சுக்குழாயில், எந்த ஆழத்தில் நிற்கிறது என்பதை ஒரு படம் சொல்லிவிடும். கழுத்திலிருந்து வயிறு வரை பார்க்க வேண்டியிருக்கலாம். இருமல் நின்றுவிட்டாலும் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். முதுகில் தட்டவோ, தலைகீழாகப் பிடிக்கவோ, வாந்தி எடுக்கவைக்கவோ வேண்டாம். தண்ணீரும் சாப்பாடும் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுத்துக் குழாய்க் கமெரா மூலம் எடுக்க நேரலாம், அதற்கு வயிறு வெறுமையாக இருப்பது நல்லது. உம்மாமார் இன்றிரவே செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. கண்ணாடி மேசையில் ஊசிக்கென்று ஒரு சின்னத் தலையணையோ காந்தமோ வைத்துவிடுங்கள், உதட்டுக்கு வேலை இருக்காது.

கச்சானுக்கு எக்ஸ்ரேயை நம்பிவிடாதீர்கள். கச்சான் கொட்டை, பழவிதை, பிளாஸ்ரிக் துண்டு ஆகியவை பெரும்பாலும் படத்தில் தெரிவதில்லை. மூச்சை வெளியே விட்ட நிலையில் எடுத்த படத்தில் அடைபட்ட பக்க நுரையீரல் மட்டும் சுருங்காமல் கறுப்பாக நிற்கலாம். சில வேளை அதுவும் இருக்காது. கச்சான் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைக்குத் திடீரெனப் புரைக்கேறி, அதற்குப் பிறகு ஒரு பக்கம் இழுப்பு கேட்டால், "படம் நல்லா இருக்கு" என்ற பதிலோடு வீடு திரும்பாதீர்கள். நடந்ததைத் திரும்பவும் சொல்லுங்கள். சில்லறைக் காசு படத்தில் தெரியும், பெரும்பாலும் உணவுக்குழாயில் நிற்கும். அதே வட்ட வடிவில் ஓரத்தில் இரட்டைக்கோடு தெரிந்தால் அது விளையாட்டுச் சாமானின் பொத்தான் பட்டரி. உணவுக்குழாயில் சிக்கிய பட்டரி இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே சதையை எரிக்கத் தொடங்கும். காலையில் கிளினிக்குக்குக் காட்டலாம் என்று ஒத்திவைக்க முடியாத ஒன்று அது.

மண்ணெண்ணெயும் வெள்ளமும்

குளிர்பானப் போத்தலில் ஊற்றிவைத்த மண்ணெண்ணெயைத் தவழும் பிள்ளை குடித்துவிடுவது நம் நாட்டில் பழைய கதை, இன்னும் முடியவில்லை. கெடுதல் வயிற்றில் இல்லை. குடிக்கும்போதோ வாந்தி எடுக்கும்போதோ மூச்சுக்குழாய்க்குள் சிந்துவதில்தான் இருக்கிறது. ஆகவே உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பவர், நஞ்சை நுரையீரலுக்கு இரண்டாம் தடவை அனுப்புகிறார். ஆஸ்பத்திரியில் உடனே எடுத்த படம் சுத்தமாக இருக்கலாம். மாற்றங்கள் சில மணித்தியாலம் கழித்தே தெரியவரும். இருமலோ வேகமூச்சோ இல்லாத பிள்ளையைக்கூட சுமார் 6 மணித்தியாலம் வைத்திருந்து பார்ப்பது அதனால்தான். "படத்துல ஒண்டுமில்ல எண்டாங்க, பொறகு ஏன் மறிச்சி வெச்சிரிக்கிறாங்க" என்ற சண்டை ஈ.டி.யு.வில் தேவையில்லாத சண்டை.

தண்ணீரில் மூழ்கிப் பிழைத்தவருக்கும் இதே கதைதான். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கல்முனைக்குடியிலும் அந்த அலையின் சேற்றையும் உப்புநீரையும் மூச்சோடு உள்ளிழுத்துப் பிழைத்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அன்று இந்தோனேசியாவின் பண்டா அச்சேயில் தப்பியவர்களுக்கு நாள்கள் கழித்து வந்த, சதையழுகும் நிமோனியாவுக்கு மருத்துவர்கள் 'சுனாமி நுரையீரல்' என்றே பெயரிட்டார்கள். 2024 நவம்பர் 26 இல் காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் உழவு இயந்திரத்தை அடித்துச் சென்று மதரஸா மாணவர்களைப் பலிகொண்டதையும் நாம் மறக்கவில்லை. கடல், களப்பு, வாய்க்கால், மழைவெள்ளம் எல்லாம் சூழ்ந்த ஊர் நம்முடையது. மூழ்கியவரை மீட்டபின் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்காதீர்கள். மூச்சில்லையென்றால் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுங்கள். எழும்பி நடந்து "எனக்கு ஒண்டுமில்ல" என்று சொன்னாலும், தண்ணீரை உள்ளிழுத்தவர் ஆஸ்பத்திரியில் சில மணித்தியாலம் இருந்தே ஆக வேண்டும். முதல் படம் நன்றாக இருந்து, ஆறு மணித்தியாலம் கழித்து எடுத்த படம் வெளுத்திருப்பது இங்கே நடக்கக்கூடியது. விரலில் மாட்டும் ஒட்சிசன் மானியும் மூச்சின் வேகமும் படத்தைவிட முந்திச் சொல்லும்.

காய்ச்சலோடு வந்தால்

நிமோனியாவைப் பிடிப்பதில் எக்ஸ்ரே நல்ல கருவிதான், ஆனால் நோய்க்குச் சற்றுப் பின்னால் நடக்கும் கருவி. முதல் நாளில் தெரியாமல் போகலாம். குணமான பிறகும் நிழல் வாரக்கணக்கில் மிஞ்சலாம். "மருந்து முடிஞ்சிது, இன்னும் படத்துல இரிக்கே" என்று மூன்றாம் நாளே இன்னொரு படம் எடுக்க ஓடுவதில் பயனில்லை. புகைப்பவரும் வயதானவரும் மட்டும் ஆறு வாரமளவில் ஒரு படம் எடுத்து, நிழல் முழுதும் போய்விட்டதா என்று பார்ப்பது நல்லது. நிமோனியாவுக்குப் பின்னால் கட்டி ஒளிந்திருந்தால் அப்போது தெரியவரும்.

சம்மாந்துறை, இறக்காமம் வயல்களில் வேலை செய்பவருக்குச் சீனி வருத்தமும் இருந்து, மாரி மழையில் கடுங்காய்ச்சலும் இருமலும் வந்தால், "இவர் வயலுக்குப் போறவர், சீனியும் இரிக்கி" என்று டொக்டர் கேட்காமலே சொல்லுங்கள். சேற்று மண்ணில் வாழும் கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ் என்ற நோய் இலங்கையில் உண்டு. படத்தில் அது காசநோய் போலவே வேடம் போடும். பிடித்துக்கொடுப்பது குருதியையும் சளியையும் வளர்த்துப் பார்க்கும் சோதனை. அந்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்ற எண்ணம் டொக்டருக்கு வருவது பெரும்பாலும் உங்கள் ஒரு வசனத்தால்.

டெங்குப் பிள்ளைக்கு ஏன் நெஞ்சுப்படம் என்று குழம்புகிறவர்கள் உண்டு. 2017 இல் மட்டும் இலங்கையில் 186,000க்கும் அதிகமானோருக்கு டெங்கு சந்தேகிக்கப்பட்டுப் பதிவானது. மோசமானவர்களில் பலருக்குக் குருதிக்குழாயிலிருந்து நீர் கசிந்திருந்தது. அந்த நீர் முதலில் வலப்பக்க நெஞ்சிலும் வயிற்றிலும் சேரும். அதனால் பிள்ளையை வலப்பக்கம் சரித்துப் படுக்கவைத்து ஒரு படம் எடுப்பார்கள், அல்லது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பார்ப்பார்கள். சின்ன அளவு நீரைக் காண ஸ்கேன் கெட்டிக்காரன்.

முட்டு வருத்தத்துக்கு வழக்கமாகப் படம் தேவையில்லை. மருந்துப் புகை பிடித்துக் குறைந்துவிட்டால் அவ்வளவுதான். குறையாமல் நின்றாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ, ஒரு பக்கம் திடீரென வலித்தாலோ டொக்டரே கேட்பார்.

வயிற்றுவலிக்கு நெஞ்சுப்படம் எடுக்கச் சொன்னால் "இவங்களுக்கு ஒண்டும் தெரியா" என்று முணுமுணுக்காதீர்கள். குடற்புண் ஓட்டையாகிவிட்டால் வயிற்றிலிருந்து வெளியேறிய காற்று மேலேறி உதரவிதானத்துக்கு அடியில் மெல்லிய கறுப்புப் பிறையாக நிற்கும். அதை நன்றாகக் காட்டுவது, சற்று நேரம் நிமிர்ந்து இருந்தபின் நின்று எடுத்த நெஞ்சுப்படம். முழங்கால் வலிக்கென்று கடையில் வாங்கிய மாத்திரையை நாள்கணக்கில் விழுங்கிய வயோதிபருக்குக் கத்தியால் குத்தியது போல வலி வந்தால் இந்தப் படம் முக்கியம். காற்றுத் தெரியாவிட்டாலும் ஓட்டை இல்லை என்று முடிவாகாது. அந்த மாத்திரைத் தாளையும் கையோடு கொண்டுபோங்கள்.

மோட்டார் சைக்கிளில் விழுந்து நெஞ்சில் அடிபட்டவருக்கும் இப்படியே. விலாவெலும்பு முறிவுகளில் பல முதல் படத்தில் தப்பிவிடும். டொக்டர் தேடுவது முறிவை அல்ல, நெஞ்சறைக்குள்ளே குருதியோ காற்றோ இருக்கிறதா என்பதைத்தான். படம் நன்றாக இருந்து வீட்டுக்கு அனுப்பினாலும், அடுத்த இரண்டு மூன்று நாளில் மூச்சு வாங்கினால் திரும்பி வாருங்கள்.

கதிரைப் பற்றிய பயம்

நின்று எடுக்கும் ஒரு மார்புப் படத்தின் கதிர் அளவு ஏறத்தாழ 0.02 மில்லிசீவேர்ட். மண், பாறை, வானம், நம் உணவு எல்லாவற்றிலிருந்தும் உலக மனிதன் ஒருவன் வருடத்துக்குச் சராசரி 2.4 மில்லிசீவேர்ட் வாங்குகிறான். அதாவது ஒரு படம் ஏறத்தாழ மூன்று நாள் உயிர்வாழ்ந்த அளவு. மார்பு சிடி ஸ்கேன் அதைப்போல் சுமார் முந்நூறு மடங்கு. அதையும் தேவையென்றால் எடுக்கத்தான் வேண்டும், ஆனால் "பெரிய ஸ்கேனே எடுத்திடுங்க" என்று வீட்டார் வற்புறுத்தும் சாமான் அல்ல அது.

கர்ப்பிணி என்றால் கட்டாயம் சொல்லுங்கள், ஆனால் படத்தை மறுக்காதீர்கள். தாயின் மார்புப் படத்தில் வயிற்றுப் பிள்ளைக்குப் போகும் அளவு 0.01 மில்லிகிரேயிலும் குறைவு. தாய்க்கு மூச்சுத் திணறுவதே பிள்ளைக்குப் பெரிய ஆபத்து. பால் கொடுக்கும் தாய் படம் எடுத்து முடித்த அடுத்த நிமிடமே பால் கொடுக்கலாம். நோன்பு பிடித்தவருக்கும் எக்ஸ்ரேயால் எதுவும் உள்ளே போவதில்லை. சின்னப் பிள்ளையைப் பிடிக்க வாப்பாவோ சாச்சாவோ ஈயக் கவசம் போட்டு உள்ளே நிற்கலாம். கர்ப்பிணித் தாய் வெளியே நிற்க வேண்டும். இறுக்கமாகப் பிடியுங்கள். பிள்ளை அசைந்து படம் கெட்டு இரண்டாம் தடவை எடுப்பதுதான் தவிர்க்கக்கூடிய கதிர்.

பழைய படமும் போன் படமும்

ஈ.டி.யு.வில் டொக்டருக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய மிகப் பெறுமதியான பொருள் பழைய படம். புதிய படத்தில் வலது உச்சியில் ஒரு வடு தெரிகிறது. அது நேற்று வந்ததா, இருபது வருடமாக அங்கேயே கிடக்கிறதா? பழைய படம் இருந்தால் ஒரு நிமிடத்தில் தீரும். இல்லாவிட்டால் சளிச் சோதனை, மார்பு நோய்ச் சிகிச்சை நிலையம், சிடி என்று வாரங்கள் போகும். கட்டாருக்கும் சவூதிக்கும் போய்வந்த காக்காமார் வீட்டில் இருக்கிறார்களே, அவர்கள் ஒவ்வொருவரும் பயணத்துக்கு முன் மெடிக்கலுக்காக நெஞ்சுப்படம் எடுத்தவர்கள். அந்தப் படத்தையோ அறிக்கையையோ பாஸ்போட்டோடு சேர்த்து வையுங்கள். கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்தால் பிலிம் வெடிக்கும். உறையோடு மெத்தைக்கு அடியில் தட்டையாக வைக்கலாம், வெயிலும் ஈரமும் படாமல்.

2022 நெருக்கடிக் காலத்தில் பிலிம் தட்டுப்பாட்டால், கணினித் திரையிலிருந்து படத்தைக் கைத்தொலைபேசியில் பிடித்துக்கொள்ளும் வழக்கம் பரவியது. அது இன்னும் போகவில்லை. பிடிப்பதென்றால் ஒழுங்காகப் பிடியுங்கள். ஃபிளாஷை நிறுத்துங்கள். பிலிமாக இருந்தால் வெளிச்சப் பெட்டியில் போட்டோ, ஜன்னலின் வெள்ளை வானத்துக்கு எதிரேயோ பிடியுங்கள். மின்குமிழுக்கு நேரே பிடித்தால் நடுவில் ஒரு வெள்ளைக் குழி விழும். நான்கு மூலையும், நோயாளியின் பெயரும், திகதியும், இடம் வலம் காட்டும் எழுத்தும் அகப்பட வேண்டும். அந்த எழுத்து இல்லாத படத்தைத் திருப்பிப் பிடித்தால் இதயம் வலப்பக்கம் போய் நிற்கும், பார்ப்பவர் திகைப்பார். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டொக்குமென்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது சுருங்கி, நுரையீரல் ஓரத்தில் மயிரிழை போலத் தெரியும் காற்றின் கோடு முதலில் அழிந்துபோகும். குடும்பக் குழுமத்தில் போட்டு "யாருக்காவது தெரிஞ்ச டொக்டர் இருக்கா" என்று கேட்கும் முன், அந்தப் படத்தில் உம்மாவின் பெயரும் வயதும் எழுதியிருப்பதை ஒருதரம் பாருங்கள்.

நோயாளியை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ வேறெங்கோ மாற்றினால், பிலிமோ படமோ நோயாளியின் கையோடு போகிறதா என்று அம்புலன்ஸ் கதவு சாத்தும் முன் கேளுங்கள். அங்கே மறுபடி படம் எடுக்கலாம்தான். ஆனால் முதல் படத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையில் என்ன மாறியது என்பதைச் சொல்ல இரண்டும் மேசையில் இருக்க வேண்டும், படம் எடுத்த நேரத்தோடு.